மூன்று முறை கழுவிய களிமண்

எங்கள் ஆய்வகத்தில் களிமண் கழுவுவது என் வேலை. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. குடுவை கழுவுவேன், கரைசல் கலப்பேன், செய்த சோதனைகளை ரெக்கார்டு நோட்டில் எழுதிவைப்பேன். என் கையெழுத்து சீராக இருக்கும் என்பதால் அந்தக் கடைசி வேலை எப்படியோ எனக்கே நிலைத்துவிட்டது.

களிமண் என்று நான் சொல்வது பென்டோனைட். பையில் வரும் வெளிர் சாம்பல் நிறத் தூள். இரண்டு கிராம் எடுத்து, இரண்டு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, எந்திரத்தில் சுழற்றி, மேலே நிற்கும் நீரை வடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. சுழற்றாமல் விட்டால் அது அடங்காது. இரண்டு நாள் ஆனாலும் மோர் போலக் கலங்கியே நிற்கும். இதை நான் நன்றாக அறிவேன். அறிந்தும் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டீச்சர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். மேலப்பாளையத்துக்காரர். கணவர் சவூதியில். பள்ளியில் பதினைந்து ஆண்டுகள் தாவரவியல் நடத்திவிட்டு, பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். அவரைவிட வயதில் மிகவும் இளைய ஆய்வு மாணவர்களுக்கு நடுவே அவரை எப்படி அழைப்பது என்று தெரியாமல் முதல் நாளே எல்லோரும் டீச்சர் என்று ஆரம்பித்தோம். அவர் என்னை அண்ணாச்சி என்றார்.

அவருடைய ஆய்வை எனக்கு அவர் விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். வாழை செல்லுக்குள் ஒரு நொதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நொதி தானாக உள்ளே போகாது. செல்லைச் சுற்றிச் சுவர் இருக்கிறது. வெறுமனே கரைசலில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கெட்டும்போகும். களிமண்ணை எவ்வளவு பொடித்தாலும் புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காகத்தான் இருக்கும். அந்தத் தாள்களில் நொதியை ஒட்டவைத்தால் கெடாமல் இருக்கும், மண்ணோடு சேர்ந்து உள்ளேயும் போகக்கூடும். வாழை வாடல் நோய்க்கு இப்படி ஒரு வழி கிடைத்தால், மரபணுவில் கை வைக்காமலே வேலை நடக்கும். முதலில் போகிறதா என்று பார்ப்பதற்காக அவர் எடுத்துக்கொண்டது, வாழையில் இயல்பாக இல்லாத ஒரு நொதி. அது உள்ளே போயிருந்தால், அதற்குரிய கரைசலைக் கொடுத்து ஒரு இரவு வெதுவெதுப்பில் வைத்தால் செல் நீலமாகும்.

இரண்டரை ஆண்டுகள் எந்தச் செல்லும் நீலமாகவில்லை.

பிறகு அந்த மார்கழியில் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மூன்று நாள் மழையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கல்லூரியின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கேமரா பொருத்திய நுண்ணோக்கி அங்கேதான் இருந்தது. எங்கள் ஆய்வகம் மாடியில் இருந்ததால் தப்பியது. ஆனால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் வாழை செல் வளர்க்கும் குடுவைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் ஷேக்கர் ஓடாது. ஷேக்கர் நின்றால் செல்கள் அடியில் படிந்து காற்றில்லாமல் செத்துப்போகும். ஏழு குடுவைகள். அவற்றை உண்டாக்க டீச்சருக்கு ஒன்றே கால் ஆண்டு ஆகியிருந்தது.

முதல் நாள் காலையில் நான் நடந்துபோய் ஆய்வகத்தைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்திலிருந்து சுற்றுவழியாக வந்திருந்தார். புர்கா இடுப்புவரை நனைந்திருந்தது. இருவரும் கையாலேயே குடுவைகளை ஆட்ட ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு கையில் ஒன்றாக, கால்மணி நேரம், பிறகு அடுத்த ஜோடி. இருட்டும்வரை. நான் போன பிறகு காவலாளி ஒருமுறை ஆட்டுவார். மூன்று நாள் இப்படி ஓடியது. தோள் மரத்துப்போகும். பேச்சு அதிகம் இருக்காது. ஒருமுறை மட்டும், என் பிள்ளையைத் தொட்டிலில் இவ்வளவு ஆட்டினதில்லை அண்ணாச்சி என்று சொல்லிச் சிரித்தார்.

நான்காம் நாள் இரண்டு குடுவைகள் பழுப்பேறிவிட்டன. மீதி ஐந்தும் போவதற்குள் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம் என்று டீச்சர் முடிவெடுத்தார். மண் கழுவ வேண்டும். காய்ச்சி வடிக்கும் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். கையிருப்பில் இருந்த வடிநீர், நொதிக் கரைசலுக்கு மட்டுமே போதும். குழாயிலும் நீர் வரவில்லை. அன்று காலை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இதை யோசித்து, வெள்ளத்துக்கு முன் பிடித்துவைத்திருந்த டிரம்மிலிருந்து இரண்டு ஐந்து லிட்டர் கேன்களை நிரப்பியிருந்தேன். என் மனைவி வாசல்வரை வந்து திட்டினாள். "ஊரே குடிக்கத் தண்ணி இல்லாம அலையுது. நீங்க மண்ணு கழுவ கொண்டு போறிய. நல்லா இருக்கு போங்க."

வீட்டுக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர்தான். எங்கள் ஊர்த் தண்ணீரில் குறை இருக்கும் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. வெளியூர் போனால் முதலில் அங்கே இருக்கும் தண்ணீரைத்தான் குறை சொல்வோம். கழுவுகிற தண்ணீர்தானே, உள்ளே போகிற தண்ணீர் இல்லையே என்றும் எண்ணினேன். டீச்சர் அடுத்த அறையில் குடுவை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். மண்ணைக் கலக்கி வைத்துவிட்டு, காவலாளி அடுப்பு மூட்டிப் போட்ட டீயைக் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மண் அடியில் படிந்து மேலே நீர் தெளிந்து நின்றது. சுழற்றும் எந்திரம் ஓடாத நாளில் இது நல்லதாகப் போயிற்று என்று வடித்துவிட்டு அடுத்த தண்ணீர் ஊற்றினேன். மூன்று முறையும் அப்படியே படிந்தது.

மாலை நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. ஷேக்கர் ஓடத் தொடங்கிய சத்தத்தைக் கேட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அந்தக் களேபரத்தில் தண்ணீர் விஷயம் என் வாயிலிருந்து வரவேயில்லை. அன்று மாலையே டீச்சர் மூன்று சோதனைக்குழாய்களில் செல்களைப் பிரித்துச் சோதனையை வைத்தார்.

மறுநாள் காலையில் அவர் மூன்று சோதனைக்குழாய்களிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, பழைய கண்ணாடி நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்து, வெயிலை அதன் ஆடியில் வாங்கிப் பார்த்தார். வெறும் நொதி கொடுத்த செல்கள் நீலமாகவில்லை. வெறும் மண் கொடுத்தவையும் ஆகவில்லை. மண்ணில் ஒட்டிய நொதி கொடுத்தவை நீலமாக இருந்தன. வெகு நேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். எனக்கும் நீலம் தெரிந்தது. அலைபேசியை நுண்ணோக்கியின் கண்ணில் வைத்துப் படம் எடுத்தார்; அது நீலத் தீற்றலாக மட்டும் வந்தது. எனவே நோட்டில் கையால் வரைந்து, நீலப் பென்சிலால் உள்ளே நிறம் கொடுத்தார்.

சனிக்கிழமை நான் ரெக்கார்டு எழுதினேன். எங்கள் பழக்கம், வாரம் முழுவதும் துண்டுத்தாளில் குறித்து, சனிக்கிழமை ரெக்கார்டில் நன்றாக எழுதிவிட்டுத் துண்டுத்தாளைக் கிழித்துவிடுவது. அந்த வாரம் துண்டுத்தாள் இல்லை. ஆனால் செய்முறை எனக்கு மனப்பாடம். இருநூறு முறையாவது எழுதிய வாக்கியம். 'களிமண் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவப்பட்டது.' கை அதை எழுதியது. உதவியாளர் கையொப்பம் என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் கையொப்பம் என்ற கட்டத்தில் டீச்சர் போட்டார்.

அதன்பிறகு ஒன்பது முறை அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார். ஒன்பது முறையும் நான்தான் மண் கழுவினேன், வடிநீரில். ஒருமுறைகூட நீலம் வரவில்லை.

துறைப் பேராசிரியர் சேரன்மகாதேவியிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். கடுமையானவர் அல்லர். அவர்தான் டீச்சருக்கு வழிகாட்டி. ஐந்தாவது முறை தவறியபோது தைரியம் சொன்னார். ஒன்பதாவது முறைக்குப் பிறகு என்னை அழைத்து, அன்று நீங்களும் பார்த்தீர்களே, செல்லுக்கு உள்ளே இருந்ததா, வெளியே ஒட்டியிருந்ததா என்று கேட்டார். நீலம் இருந்தது, உள்ளேயா வெளியேயா என்று சொல்ல நான் அதற்குப் படித்தவன் இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். செய்முறையில் ஏதாவது மாறியிருக்குமா என்றார். ரெக்கார்டில் உள்ளபடிதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளில் என் ரெக்கார்டில் ஒரு பிழை வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆக, மிச்சம் இருந்தது டீச்சரின் கண்ணும் நீலப் பென்சிலும்தான். ஆய்வு மாணவர்களில் ஒருவன், கெட்டவன் இல்லை, வாய்த் துடுக்கு, அவருக்கு நீலப் பென்சில் டீச்சர் என்று பெயர் வைத்தான். அவர் உள்ளே வரும்போது பக்கத்தில் இருப்பவனிடம், "ஏலே, பென்சில சீவி வைலே, டீச்சர் வந்துட்டாவ" என்பான். அவர் கேட்காததுபோல் மேசைக்குப் போவார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் குடுவை கழுவும் தொட்டியருகே என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மண்ணு கழுவுன தண்ணி எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெக்கார்டுல எழுதியிருக்கு டீச்சர். பாத்துக்கிடுங்க."

"ரெக்கார்ட பாத்தாச்சு. உங்களைக் கேக்கேன்."

"நான் எழுதினா எழுதினதுதான் டீச்சர்."

இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். என் எழுத்தைச் சந்தேகிக்கிறாரே என்ற கோபம். கேன்களை நான் மறைக்கவில்லை. அவை என் நினைவிலேயே இல்லை. எழுதிய வாக்கியம் நடந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அவர் இன்னொரு முறையும் கேட்டார். அப்போது நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

பதிவுக்காலம் இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. நீலம் வந்த அந்த இயலை விட்டுவிட்டு, வராததைப் பற்றி மட்டும் எழுதிச் சமர்ப்பிக்கலாம் என்று பேராசிரியர் வழி சொன்னார். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத முடியாது சார் என்று டீச்சர் சொன்னதாகப் பின்னால் அறிந்தேன். பங்குனியில் தன் மேசையைக் காலி செய்தார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். பைய ஆட்டுங்க, பழுப்பேறிட்டா தனியா எடுத்து வச்சிருங்க என்று குடுவைகளைப் பற்றி மட்டும் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பேராசிரியர் ஓய்வு பெற்றார். இந்தச் சித்திரையில் ஒருநாள், மண் கலக்கிய கண்ணாடி ஜாடியைக் கழுவக் குழாய்த் தண்ணீர் பிடித்து நிரப்பினேன். ஜாடியில் அடியில் நல்ல அளவு மண் மிச்சம் இருந்தது. தேய்ப்பதற்குள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜாடியைத் தொட்டியிலேயே வைத்துவிட்டுப் போனேன். வரும் வழியில் டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மண் முழுவதும் அடியில் படிந்து, மேலே நீர் தெளிவாக இருந்தது.

டீ குடித்து வருவதற்குள் அடங்கிவிட்டது. இந்த வரி எனக்குள் எங்கோ ஏற்கெனவே எழுதப்பட்டதுபோல் இருந்தது. தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தினமும் மாலையில் குளித்தபின் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை அளவு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வந்தார்கள் என்பவைதான் இருக்கும். ஆய்வக விஷயங்களுக்கு ரெக்கார்டு இருக்கிறதே என்று அதைப் புரட்ட எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று வீட்டுக்குப் போய் வெள்ள ஆண்டின் நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது:

'மின்சாரம் இல்லை, நான்காம் நாள். மாலை நான்கு மணிக்கு வந்தது. காலையில் டிரம்மிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கல்லூரிக்கு. இவளுக்குக் கோபம். குடுவைகள் ஏழில் ஐந்து உயிரோடு. களிமண் இன்று டீ குடித்து வருவதற்குள் அடங்கிவிட்டது.'

சமையலறையிலிருந்து வந்த மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஆமா, ரெண்டு கேனு, நான்தான அன்னைக்குச் சொன்னேன் என்றாள். அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் வீட்டுத் தண்ணீரில் மண்ணைக் கழுவினேன், மூன்று முறை. இப்போது வாழை செல் வளர்ப்பது அந்த வாய்த்துடுக்குப் பையன்தான். காரணம் சொல்லாமல் ஒரு குடுவை கேட்டு வாங்கினேன். டீச்சர் செய்தபடியே மூன்று குழாய்கள். நொதி கலப்பதை அவர் செய்யப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை பழகியிருந்தது. காலையில் அவனைக் கூப்பிட்டு, எந்தக் குழாய் எது என்று சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

"உள்ளதான் இருக்கு அண்ணாச்சி. உட்கருவச் சுத்தி இருக்கு." தலையை எடுக்காமலே, "டீச்சர் சொன்னது இதுவா?" என்றான். வெள்ளத்துக்குப்பின் பழுதுபார்த்திருந்த கேமரா நுண்ணோக்கியில் அவனே படம் எடுத்துக் கொடுத்தான்.

ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு அலைபேசியில் சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு விளக்கினார். களிமண்ணுக்கும் செல் சுவருக்கும் ஒரே வகை மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். ஆற்றுத் தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் இருக்கிறது. அது மண்ணில் ஏறிக்கொண்டு, மண்ணையும் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். வடிநீரில் கழுவக் கழுவ நாம் அதைத்தான் இல்லாமல் செய்துகொண்டிருந்தோம். இவ்வளவையும் வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, நான் யோசித்திருக்க வேண்டும் என்றார். டீச்சரின் பதிவு ரத்தாகிவிட்டது, இனி உயிர்ப்பிக்க வழியில்லை என்றும் சொன்னார். புதிய துறைத் தலைவரிடம் கேட்டேன். அந்தப் பையன் இதைத் தொடரலாம், கட்டுரை வரும்போது நன்றியுரையில் அந்த அம்மா பெயரைப் போடலாம் என்றார்.

ஞாயிறு காலை ரெக்கார்டு நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். டீச்சர் பழைய பள்ளிக்கே திரும்பியிருந்தார். முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காருங்க அண்ணாச்சி என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"டீச்சர், அன்னைக்கு மண்ணு கழுவுனது எங்க வீட்டுத் தண்ணி. நான்தான் கேன்ல கொண்டுவந்தேன். ரெக்கார்டுல தப்பா எழுதிட்டேன்."

அவர் பேனாவை மூடிவைத்தார்.

"நான் உங்ககிட்ட கேட்டேன்ல."

"கேட்டிய."

"ரெண்டு தடவ கேட்டேன்."

"ரெண்டு தடவ கேட்டிய டீச்சர்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கேட்டுக்கொள்வது என்று வழியெல்லாம் தயாராகித்தான் வந்தேன். அவர் விடைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கிக்கொண்டே பேசினார்.

"அவுங்க நம்பாதது பெருசா தெரியல அண்ணாச்சி. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துட்டு. நெசமாவே பாத்தேனா, பாக்கணும்னு நெனச்சதைப் பாத்தேனான்னு. தொழுதுட்டு உக்காந்து கண்ண மூடிப் பாப்பேன். முதல்ல எல்லாம் நீலம் தெரிஞ்சுது. பொறவு அதுவும் தெரியல."

புதிய படம் என் அலைபேசியில் இருந்தது. காட்டினேன். கேமரா நுண்ணோக்கியில் எடுத்தது, தெளிவானது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார்.

"நான் பாத்தது இதைவிடக் கொஞ்சம் அடர்த்தி" என்றார்.

நன்றியுரையில் பெயர் போடுவதாகத் தலைவர் சொன்னதைச் சொன்னேன். "நன்றியா, எனக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் பையைத் திறந்தேன்.

ரெக்கார்டில் பிழை திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அழிக்கக் கூடாது. பழைய சொல் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர்முன் வைத்தேன். அவர் வாக்கியத்தைப் படித்தார். அருகில் பழைய தன் கையெழுத்தைப் பார்த்தார். தாளைத் தடவினார். பிறகு நோட்டை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார்.

"அந்த எடத்துல போட இப்ப நான் யாரு அண்ணாச்சி? நீங்க போடுங்க. அது போதும்."

டீ கொண்டுவந்தார். குடித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, குடுவையெல்லாம் இன்னும் ஏழுதானா என்று கேட்டார். பன்னிரண்டு ஆகிவிட்டது என்றேன். அப்படியா என்றார்.

திங்கள் காலையில் ஆய்வகத்தில் யாரும் வருவதற்குமுன், 'காய்ச்சி வடித்த நீரில்' என்பதன்மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டேன். மேலே 'என் வீட்டு டிரம்மிலிருந்து கொண்டுவந்த ஆற்று நீரில்' என்று எழுதினேன். இடம் போதாமல் கடைசிச் சொல் ஓரத்துக்கு ஏறிவிட்டது. என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்தில் அவருக்கான இடத்தை விட்டுவிட்டு, மை உலரும்வரை நோட்டைத் திறந்தே வைத்திருந்தேன்.